ரெயில்சைட் பாய்ஸில் ஒரு டீச்சர்

26 செப்டம்பர் 2019, வியாழன்

எங்கள் குழுவில் பாடுகிற டென்சிலுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்வளையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. கெட்டது இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஸ்தோத்திரம். ஆனால் எட்டு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.

"பாட்டு, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சீட்டில் எழுதுவதை நிறுத்தாமலே, "முதல்ல பேசட்டும்மா" என்றார்.

நவம்பர் பத்தாம் தேதி பெங்களூருவில் எங்கள் கச்சேரி. இன்னும் நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணினேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

28 செப்டம்பர், சனி

டென்சிலைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் மருமகள் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. இங்கிலீஷில் எழுதுகிறார். எழுதிக் காட்டிவிட்டு உடனே உள்ளங்கையால் துடைத்துவிடுகிறார். எழுபது வயது ஆள், முப்பது வருஷம் என்ஜின் ஓட்டியவர், சாக்பீஸ் தூளோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பெங்களூருக்கு வர முடியாது என்று சொல்லிவிடலாமா என்று எழுதினார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கஞ்சி குடிங்க" என்றேன்.

எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

29 செப்டம்பர், ஞாயிறு

ப்ராக்டிஸ். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஹாலில் நான்கே பேர். சவரிமுத்து தன் ஸ்டீல் கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு வாசிக்கவே இல்லை. மெல்வின் ஆள் உயர பேஸ் வாத்தியத்தைச் சுவரோடு சாய்த்துவிட்டு அதன் பக்கத்தில் தானும் சாய்ந்துகொண்டார். டிரம்ஸ் வாசிக்கும் ரியாஸ் மட்டும் குச்சியால் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். இப்போது உக்கடத்தில் ஆட்டோ பார்ட்ஸ் கடை, நாற்பத்திரண்டு வயது. இன்னும் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன்.

"இது போச்சுன்னா கடையக் கட்டிடலாம் டீச்சர்" என்றார் சவரிமுத்து. "வருஷத்துக்கு மூணு டான்ஸ். அதுல ஒண்ணு குழந்தைங்களோட கிறிஸ்துமஸ் ட்ரீ விழா. நாப்பத்தோரு வருஷம் வாசிச்சாச்சு. போதாதா?"

1978-ல் டென்சில் ஆரம்பித்த குழு இது. அவருடைய மாமா கப்பலில் வேலை பார்த்தவர், டெக்சாஸ் பக்கத்திலிருந்து ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு கொண்டுவந்து கொடுத்தாராம். மாட்டுப்பண்ணைக்காரர்களின் பாட்டு, ஆனால் உட்கார்ந்து அழுவதற்கில்லை, எழுந்து ஆடுவதற்கு. வெஸ்டர்ன் ஸ்விங். அதில் வயலின் இல்லாமல் நடக்காது. முதலில் வாசித்தவர் ஆஸ்திரேலியா போய்விட, 1981-ல் சர்ச்சில் ஞானப்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து 'போத்தனூர் ரெயில்சைட் பாய்ஸ்'-இல் நானும் ஒரு பாய்.

எத்தனை இடம்! பாலக்காட்டில் கல்யாணம் நடந்த மண்டபத்துக்குள் வெள்ளம் வந்து லாரி மேல் நின்று வாசித்தோம். சிமென்ட் ஆலை ஆண்டுவிழாவில் சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தினார்கள்; மூன்றாவது பாட்டில் மேஸ்திரிகள் எல்லாம் ஆடினார்கள். ஆனால் எங்கே போனாலும் ராத்திரிக்குள் வீட்டுக்குத் திரும்புகிற தூரம்தான். பெங்களூரு மாதிரி ஒரு அழைப்பு வந்ததே இல்லை. தாரிணி என்று ஒரு பெண், ஜூனில் யாரோ சொல்லி இங்கே வந்து, எங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். அவள்தான் கூப்பிட்டாள்: பெரிய மைதானம், ஜோடி நடன விழா, ஆயிரம் பேர், கடைசி ஒன்றரை மணி நேரம் முழுக்க எங்களுக்கு.

"பாடறதுக்கு ஆள் தேடலாம்" என்றேன்.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் வயலின் வில்லுக்கு ரோசனப் பிசின் தடவிக்கொண்டிருந்தேன்.

3 அக்டோபர், வியாழன்

போன் செய்த ஆட்கள் ஆறு. நான்கு பேருக்கு இந்தப் பாட்டே தெரியாது. ஒருவர் துபாயில். ஒருவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். அவர் மனைவியிடம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

6 அக்டோபர், ஞாயிறு

சர்ச் பாடகர் குழுவிலிருந்து ஆல்ஃபிரட் வந்தார். நல்ல குரல், கோபுரம் மாதிரி. ஆனால் ஒவ்வொரு வரியையும் ஆமென் சொல்லி முடிப்பதுபோல முடிக்கிறார். ரியாஸ் தாளத்தை எவ்வளவு தள்ளியும் அவர் நகரவில்லை.

"அண்ணே, இது ஆடறதுக்கான பாட்டு" என்றான் ரியாஸ்.

"நான் ஆட மாட்டேன் தம்பி" என்றார் அவர்.

காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தோம். அவருக்குக் காட்டுவதற்காக எங்கெங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று இரண்டு பாட்டை நான் முழுதாகப் பாட வேண்டியிருந்தது. காட்டுவதற்குத்தான்.

9 அக்டோபர், புதன்

கோதுமை அரைத்தாகிவிட்டது. வயலினுக்கு முதல் தந்தி வாங்க வேண்டும். மழை.

12 அக்டோபர், சனி

ரியாஸ் வீட்டுக்கே வந்துவிட்டான். பிரியாணி டப்பாவோடு வந்தான், அப்போதே சந்தேகப்பட்டேன்.

"டீச்சர், நீங்க பாடுங்க."

"உளறாதே."

"அன்னிக்கு ஆல்ஃபிரட் அண்ணனுக்குப் பாடிக் காட்டினீங்கல்ல? சவரிமுத்து அண்ணன் அன்னிக்குத்தான் ஒழுங்கா வாசிச்சாரு. நீங்க கவனிக்கல."

முடியவே முடியாது என்று அனுப்பிவிட்டேன். அவனிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

1986, குன்னூரில் தேயிலைத் தோட்டக்காரர்களின் கிளப். டென்சிலுக்குத் தொண்டை கட்டி ஒரே ஒரு பாட்டு என்னைப் பாடச் சொன்னார். எனக்கு இருபத்தெட்டு வயது. விளக்கு கண்ணில் அடித்ததில் யாரையும் பார்க்க முடியவில்லை. முடித்ததும் ஒரே இரைச்சல். ஆட்கள் மேஜையைத் தட்டிக் கத்தினார்கள். டென்சில் சட்டென்று அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். கீழே இறங்கியதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிருபா, வருத்தப்படாதே. உன் பள்ளிக்கூட இங்கிலீஷ் அவங்களுக்குச் சிரிப்பா போச்சு. வயலின் இருக்கே உனக்கு, அது போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் பாடியதில்லை. அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

14 அக்டோபர், திங்கள்

இவரிடம் சொன்னேன். இவர் என்று எழுதுவது என் வீட்டுக்காரர் தயாளனை. பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிரிச்சாங்களா? யார் சொன்னது?"

"டென்சில்தான்."

"நான் அங்கேதானே உக்காந்திருந்தேன். பஸ்ஸிலயே உன்கிட்ட சொன்னேன், ரொம்பப் பிரமாதம்னு."

"நீங்க ஆறுதலுக்குச் சொன்னீங்க."

"எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியுமா கிருபா? இத்தனை வருஷத்துல எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

தெரியாதுதான். மாமியார் இறந்தபோதுகூட எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா நின்றார்.

15 அக்டோபர், செவ்வாய்

டென்சில் வீட்டுக்குப் போனேன். நேராகக் கேட்டேன். "குன்னூர்ல அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சிலேட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: யாரும் சிரிக்கவில்லை.

துடைத்தார். எழுதினார்: இன்னொரு தடவை பாடச் சொல்லித்தான் மேஜையைத் தட்டினார்கள்.

துடைத்தார். எழுதினார்: எனக்கு அப்படி யாரும் தட்டியதில்லை.

சாக்பீஸ் உடைந்துவிட்டது. பாதித் துண்டை என்னிடம் நீட்டினார், நான் ஏதாவது எழுத வேண்டும் என்பதுபோல. எனக்குத்தான் வாய் இருக்கிறதே. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

16 அக்டோபர், புதன்

பரணில் இருந்த பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. தீபாவளி வருகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து போவார்கள்.

17 அக்டோபர், வியாழன்

ஜன்னல் கம்பிகள்.

20 அக்டோபர், ஞாயிறு

ப்ராக்டிஸுக்குப் போகவில்லை. மாலை மெல்வின் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"டென்சில் எங்க மூணு பேரையும் வரவழைச்சு எல்லாத்தையும் எழுதிக் காமிச்சுட்டான் டீச்சர். நானும் சவரிமுத்துவும் அப்ப குன்னூர்லயே இருந்தோம். எங்களுக்கும் தெரியும், தட்டினது எதுக்குன்னு. நீங்களா பாடறத விட்டுட்டீங்கன்னு நெனச்சோம். உங்களுக்கு இஷ்டம் இல்லையாக்கும்னு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றேன்.

"தாரிணி போன் பண்ணிச்சு. போஸ்டர் அடிக்கப் போறாங்களாம். என்ன சொல்ல?"

"எனக்குத் தெரியாது மெல்வின். எல்லாத்தையும் என்கிட்டயே கேட்டா?"

அவர் போன பிறகு இவர் கேட்டார்: "இத்தனை வருஷமா போஸ்டர் சைஸ், வேன், யார் எங்க சாப்பிடறது, எந்தப் பாட்டு முதல்ல, எல்லாம் உன்னைத்தானே கேக்கறாங்க. இன்னிக்கு மட்டும் ஏன் கோபம்?"

குழுவின் தலைவர் டென்சில். நான் ஒழுங்கு பண்ணித் தருகிறவள், அவ்வளவுதான்.

22 அக்டோபர், செவ்வாய்

போனேன். இந்தத் தடவை உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினேன்.

"முப்பத்திமூணு வருஷம் டென்சில். ஸ்கூல்ல பிரேயர் பாட்டுக்குக்கூட வாயை மட்டும் அசைச்சேன். என் பொண்ணு தொட்டில்ல கிடந்தப்ப ரேடியோ போட்டுத்தான் தூங்க வெச்சேன். உங்களுக்கு ஒரு ராத்திரி கைத்தட்டல் போச்சு. எனக்கு என்ன போச்சுன்னு தெரியுமா?"

சத்தம் கேட்டு மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனாள். டென்சில் அழுதார். அழும்போதும் சத்தம் வரக் கூடாதென்று தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் கோபம் பாதி போய்விட்டது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சிலேட்டில் எழுதினார்: நான் செய்தது தப்பு. மன்னித்துவிடு.

துடைக்கக் கையைக் கொண்டுபோனார். "அதை அழிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன். சிலேட்டை வாங்கி அலமாரியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். மருமகளிடம், "இவருக்கு வேற ஒண்ணு வாங்கிக் கொடும்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

24 அக்டோபர், வியாழன்

மாவாட்டும்போது ஒன்று தோன்றியது. அந்த இங்கிலீஷ் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அதில் வருகிற சமவெளி, குதிரை, அமெரிக்க நதி எதையும் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஜங்ஷன். ஓடுகிற தாளம் அதே தாளம்தான்.

போத்தனூரு ஜங்ஷனிலே பொழுது விடியுது
போற வண்டி வர்ற வண்டி கைய அசைக்குது
ஏறிக்கடி ஏறிக்கடி எடம் கெடக்குது
என் மனசு மூணாம் நம்பர் மேடையில் நிக்குது

சும்மா விளையாட்டுக்கு எழுதியது. கிரைண்டரில் மாவு வழிந்துவிட்டது.

25 அக்டோபர், வெள்ளி

இன்னும் ஐந்து பாட்டு. விளையாட்டுக்கு.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. மத்தியானம் ரியாஸ் ஹாலைத் திறந்துவைத்தான். டென்சிலும் வந்திருந்தார், கிட்டாரோடு, ஒரு மூலையில். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் எழுந்து நின்றார். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை.

பெங்களூருக்கு மட்டும், ஆள் கிடைக்காத குறைக்கு நான் பாடுகிறேன் என்றேன். பிறகு ஜங்ஷன் பாட்டை எடுத்தேன். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாவது வரிக்கு வெளியே பத்தாயிரம் வாலா கொளுத்திவிட்டார்கள். எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. நிறுத்துவார்கள் என்று பார்த்தால் ரியாஸ் நிறுத்தவில்லை. சவரிமுத்து குனிந்து ஸ்டீல் கம்பியை இழுத்தார் பாருங்கள், வண்டி வளைவில் திரும்பும்போது ஊதுமே, அச்சு அசலாக அதே ஊதல்! நான் வெடியையும் சேர்த்து அமுக்கிப் பாடினேன். இத்தனை சத்தம் எனக்குள் இருந்தது தெரியாது.

வெடி அடங்கியபோது பாட்டும் முடிந்தது. சவரிமுத்து சொன்னார்: "கடையக் கட்டலாம்னு நான் சொன்னதா யாரும் வெளிய சொல்லிடாதீங்க."

2 நவம்பர், சனி

தாரிணி போனில்.

"ஆன்ட்டி, பாதிப் பாட்டு தமிழ்லன்னு மெல்வின் அங்கிள் சொன்னாரே? இங்க எல்லாரும் எதிர்பாக்கறது இங்கிலீஷ் வெஸ்டர்ன் ஸ்விங். கூட்டம் கலைஞ்சுடும்னு பயமா இருக்கு."

"போஸ்டர்ல பாட்டுன்னு போட்டிருக்கீங்களா, பாஷை போட்டிருக்கீங்களா?"

"அது… பாட்டுன்னுதான்."

"அப்ப சரி. கூட்டம் கலைஞ்சா நானே மைக்கை ஆஃப் பண்ணிட்டு வயலின் வாசிக்கறேன். அஞ்சு இங்கிலீஷ், ஆறு தமிழ். மேடையில குடிக்க வெந்நீர் வேணும். டென்சிலுக்கு முதுகு சாஞ்சுக்கற நாற்காலி."

போனை வைத்தேன். இவர் சொன்னார், "பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்ஷன் வந்தப்ப பேசின அதே குரல்."

9 நவம்பர், சனி

காலை ரயில். இவரும் வந்தார். மெல்வினின் பேஸுக்குத் தனி சீட்டு, டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்து, "இவர் எங்க இறங்கறார்?" என்றார். ரியாஸ் விடாமல் முறுக்கு தின்றான். நான் பாட்டு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுத்து சரியா என்று பார்க்கத்தான்.

11 நவம்பர், திங்கள், திரும்பும் ரயிலில்

நேற்று எழுத முடியவில்லை. இப்போதும் ரயில் ஆடுகிறது, எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

மாலை நான்கு மணிக்கு ஏறினோம். நல்ல வெயில். புல்வெளியின் நடுவே ஆடுவதற்குப் பெரிய மரத்தளம், சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேல் ஜனம், பெரும்பாலும் என் பெண் வயது. மைக் ஆறடி உயரத்தில் நின்றது, டென்சில் பாடுகிற உயரம். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அதை எப்படி இறக்குவதென்று தெரியவில்லை. டென்சில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வந்து, திருகைத் தளர்த்தி, என் வாய்க்கு நேராக இறக்கி, இறுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

முதல் மூன்று பாட்டு இங்கிலீஷ். என் பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். ஜோடி ஜோடியாக ஆடினார்கள், கை தட்டினார்கள். நன்றாகவே போனது. அந்தத் தைரியத்தில் ஜங்ஷன் பாட்டைத் தொடங்கினேன்.

தளத்தில் ஆட்டம் நின்றுவிட்டது. இரண்டு வரி பாடுகிறேன், ஒருவர் காலும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் தாரிணி நகத்தைக் கடிக்கிறாள். மைக்கை ஆஃப் பண்ணுவதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. ரியாஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தட்டினான். சரி, போவது போகட்டும் என்று எதிரே நிற்கிறவர்களைக் கூப்பிடுவதுபோலக் கையை நீட்டி மூன்றாவது வரியைப் பாடினேன்: ஏறிக்கடி ஏறிக்கடி எடம் கெடக்குது!

உணவுக் கடைகள் பக்கத்திலிருந்து ஒரு விசில். தோசைக் கடையில் நின்ற பெண், தருமபுரிக்காரி என்று பிறகு தெரிந்தது, கரண்டியைப் போட்டுவிட்டு ஏப்ரனோடு தளத்துக்கு ஓடி வந்தாள். வந்தவள் ஆடவில்லை, முன்னால் நின்ற உயரமான பையனின் தோளில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவன் விழித்தான், பிறகு அடுத்தவர் தோளைப் பிடித்தான். பத்துப் பேர். முப்பது பேர். ரயில் கிளம்பிவிட்டது! தளத்தைச் சுற்றி, புல்லில் இறங்கி, கடைகளைச் சுற்றி, மறுபடி தளத்தில் ஏறி, முந்நூறு நானூறு பேர், அர்த்தம் தெரியாதவர்கள் எல்லாம் "ஏறிக்கடி, ஏறிக்கடி" என்று கத்திக்கொண்டு. சவரிமுத்து ஒவ்வொரு வளைவுக்கும் ஊதல் கொடுத்தார். நாற்பத்தோரு வருஷத்தில் நாங்கள் அப்படி வாசித்ததில்லை, சத்தியமாக. நான் பாட்டின் நடுவில் வயலினை எடுத்துத் தோளில் வைத்தபோது அந்தக் கூட்டம் போட்ட சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது.

நான்கு தடவை பாடவைத்தார்கள். அடுத்த ஐந்து தமிழ்ப் பாட்டுக்கும் யாரும் உட்காரவில்லை. ஐந்தரைக்கு முடிக்க வேண்டியது ஆறே காலுக்குத்தான் இறங்கவிட்டார்கள்.

கூட்டத்தில் இவரைத் தேடினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ரயிலில் தோசைக்காரப் பெண்ணுக்கு மூன்று ஆள் பின்னால் நின்றார். மூச்சு வாங்கியது. "பார்சல் வேன் நாந்தான்" என்றார்.

இப்போது எதிர் சீட்டில் தூங்குகிறார். சிரித்துக்கொண்டே தூங்குகிறார்.

15 நவம்பர், வெள்ளி

கொச்சி, சென்னை, மைசூர். மூன்று இடத்திலிருந்து போன். மைசூர்க்காரரிடம் இது பெங்களூருக்கு மட்டும் செய்த தற்காலிக ஏற்பாடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஜனவரி நான்காம் தேதி சௌகரியப்படும் என்று வந்துவிட்டது. தோசைக்காரப் பெண்ணின் பெயர் மல்லிகேஸ்வரி, அவளும் கூப்பிட்டாள். கடைக்கு ஜங்ஷன் தோசை என்று பெயர் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

நான் எழுதிய பாட்டு எண்ணிக்கை பதினான்கு ஆகிவிட்டது.

21 நவம்பர், வியாழன்

எட்டு வாரம் முடிந்தது. காலை பத்து மணிக்கு போன் அடித்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், இவர்தான் எடுத்து என் காதில் வைத்தார். தகரத்தை இழுப்பதுபோல ஒரு குரல், யாரென்றே தெரியவில்லை.

"கிருபா. நான்தான்."

"டென்சில்! பேசலாம்னுட்டாரா?"

"ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம்." மூச்சு விட்டார். "இதான் முதல் போன். மகனுக்குக்கூட இன்னும் பண்ணல."

"அப்ப அவனுக்குப் பண்ணுங்க முதல்ல. என்ன அவசரம்?"

"ஒண்ணு கேக்கணும்." மறுபடி அந்தத் தகர மூச்சு. "அடுத்த ப்ராக்டிஸ் எப்போ?"

கையில் தேங்காய்ப் பூ. இவர் போனைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு" என்றேன். "புதுசா மூணு பாட்டு இருக்கு. கிட்டாரோட வந்துடுங்க."